மாமனாருக்குக் காய்ச்சிய பீர்

என் மாமனார் நான்கு வருஷம் என்னோடு பேசவில்லை. அதற்காக அவர் என்னை வீட்டுக்குள் விடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். ராயபுரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு நானும் என் மனைவியும் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது போவோம். மீன் குழம்பில் நடுத்துண்டு என் தட்டில்தான் விழும். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் வேறு யாரிடமாவது சொல்வார். "அவர இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கச் சொல்லு" என்று என் மனைவியிடம். அவள் அடுப்படியில் இருந்தால் அத்தையிடம். இரண்டு பேரும் கண்ணில் படாவிட்டால் சுவரிடம். என் மகள் பிறந்ததும் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. ஆறு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "உங்கப்பன ஃபேனுக்குக் கீய உக்காரச் சொல்லுமா" என்பார். குழந்தை எச்சில் வடிக்கும். நான் எழுந்து ஃபேனுக்குக் கீழே போய் உட்காருவேன்.

நாங்கள் இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள், நான் பெயருக்கு இந்து. என் வீட்டில் ஒரு வாரம் கத்தித் தீர்த்துவிட்டு எட்டாம் நாள் மருமகளுக்குப் புடவை எடுத்தார்கள். என் மாமனார் கத்தவே இல்லை. அவர் துறைமுகத்தில் டக் போட் ஓட்டுகிறவர். பெரிய கப்பலைச் சின்னப் படகால் மெதுவாக முட்டி முட்டிக் கரையில் சேர்ப்பதுதான் அவருக்கு வேலை. அவசரப்படுகிற ஆளே இல்லை. எவ்வளவு நாளானாலும் வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியும். மதம்தான் காரணம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதைப் பற்றி நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். அவர் என்னைப் பார்த்து, என்னிடம் நேராக, ஒரு வார்த்தை பேச வேண்டும். எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி.

நான்காவது கிறிஸ்துமஸ் நெருங்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. டிசம்பர் பிறந்துவிட்டால் மாமனார் தெருவில் பாதி வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குள் திராட்சை புளித்துக்கொண்டிருக்கும். கிறிஸ்துமஸ் ஒயின். அத்தையும் போடுவார். மாமனார் அதை அத்தையின் மனசுக்காக இரண்டு வாய் குடிப்பார், அவ்வளவுதான். அவருக்குப் பிடித்தது பீர். அதுவும், அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் கிறிஸ்துமஸ் அன்று கயிற்றில் கட்டி டக் போட்டுக்கு இறக்கிக் கொடுத்த பீர். அந்த ருசிக்குப் பிறகு எந்தக் கடை பீரைக் குடித்தாலும் முதல் வாயிலேயே கிளாஸைத் தள்ளிவிட்டு, "கழனித் தண்ணி" என்பார். இந்தத் தீர்ப்பையும் அவர் என்னிடம் சொன்னதில்லை. சுவரிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

எனக்கோ பீர் காய்ச்சத் தெரியும். அல்லது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எண்ணூர் போகிற வழியில் ஒரு பெயின்ட் கம்பெனியில் லேப் அசிஸ்டன்ட். கப்பலில் வேலை பார்த்த என் தோஸ்து ஒருவன் ஒரு தடவை லீவில் வந்தபோது வீட்டிலேயே பீர் காய்ச்சுவது பற்றிய புத்தகத்தின் ஜெராக்ஸைக் கொடுத்தான். கூடவே கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவை மாத்திரை மாத்திரையாக இடித்த பொட்டலம் ஒன்று, ஈஸ்ட் பாக்கெட்டுகள் நாலு. வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி தப்பு என்று எனக்குத் தெரியும். தெருமுழுக்க ஜாடிகளுக்குள் நடப்பதும் சட்டப்படி என்ன என்று நான் யாரையும் கேட்டதில்லை.

அந்தப் புத்தகத்தில் இரண்டு வழி போட்டிருந்தது. ஒன்று, பார்லியில் ஆரம்பிக்கிற வழி. முளைகட்டி, காயவைத்து, வறுத்து, உடைத்து, சரியான சூட்டு வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்புத் தண்ணீரை வடித்து எடுக்க வேண்டும். முளைகட்டிக் காயவைத்த பார்லிக்குப் பெயர் மால்ட். இன்னொரு வழி, அந்த இனிப்புத் தண்ணீரைக் கெட்டியாக வற்றவைத்து டின்னில் அடைத்து விற்கிறார்கள், அதை வாங்கித் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்தால் போதும். இரண்டாவது வழியைப் படித்தபோதே எனக்குக் கோபம் வந்தது. கடையில் மாவு வாங்கி இட்லி ஊற்றுகிற சோம்பேறிகளுக்கான வழி என்று அந்தப் பக்கத்தையே மடித்துவிட்டேன். நான் பார்லிக்காரன். இரண்டு வருஷம் திருவொற்றியூரில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் மனைவியின் பழைய புடவையை விரித்துப் பார்லி காயவைத்தேன். எண்ணூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்று அடிக்கிற பக்கமெல்லாம் வரும். அதற்காகக் கொசுவலை கட்டினேன். கீழ்வீட்டு அம்மா என் மனைவியிடம், "உன் வூட்டுக்காரு தானியத்துக்கு இன்னாமா கொசு கடிக்குது?" என்று கேட்டாராம்.

இதில் ஒரு பெரிய தகராறு இருந்தது. புத்தகம் எழுதியவன் குளிர்நாட்டுக்காரன். குளிர்காலத்தில் வெளியே நிற்க முடியாது, எனவே வீட்டுக்குள் காய்ச்சு என்கிறான். நம் ஊரில் வெயில்காலத்தில் பார்லி அப்பளம் மாதிரி காயும், ஆனால் அந்த வெக்கையில் பீர் புளித்தால் பெயின்ட் தின்னர் வாசம் வரும். தின்னர் வாசம் எனக்கு நன்றாகத் தெரியும், சம்பளமே அதில்தான் வருகிறது. பீர் ஒழுங்காகப் புளிக்க டிசம்பர், ஜனவரிதான் ஏற்றது. அந்த மாதங்களிலோ மழை, பனி, மோடம். பார்லி காயாது. மே மாதமே காயவைத்து டப்பாவில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்தேன். வண்டு வந்து விருந்து சாப்பிட்டுப் போயிற்று.

ஆனாலும் மாமனாருக்கு என்று வரும்போது குறுக்கு வழி கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். கையால் வேலை செய்கிற மனுஷர், கையால் செய்ததைத்தான் மதிப்பார். நவம்பர் நடுவில் ஐந்து கிலோ பார்லியை ஊறவைத்து முளைகட்டினேன். முளை விட்ட அன்று மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். மொட்டை மாடிக்குப் போக முடியவில்லை. வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில், அலமாரி மேல், பூஜைப் படங்களுக்கு முன்னால், எங்கே பார்த்தாலும் தாம்பாளங்களில் பார்லி. ஃபேனைச் சுற்றவிட்டால் கரண்ட் போனது. முளை நிற்குமா? வேர் விட்டது, இலை விட்டது. ஒரு வாரத்தில் என் வீட்டுக்குள் ஐந்து கிலோ புல் தளதளவென்று நின்றது. என் மகள் அதில் கை வைத்து அளைந்து விளையாடினாள். நான் தாம்பாளங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அந்த மழையைத் திட்டிய திட்டு, கீழ்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு இருந்தது.

அதே மழையில் ராயபுரத்தில் இன்னொரு கஷ்டம் நடந்துகொண்டிருந்தது. மாமனார் வருஷா வருஷம் நவம்பர் கடைசி ஞாயிறு வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார். மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் பச்சைப் புல் வேண்டும் என்று அத்தை தட்டுகளில் கேழ்வரகு முளைக்கப் போடுவார். அந்த வருஷம் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்து கேழ்வரகு அழுகிவிட்டது. என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் தாம்பாளங்களை எல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிறு நான் போனபோது, இடையர்களும் ஒட்டகங்களும் என் பார்லியில் மேய்ந்துகொண்டிருந்தார்கள். மாமனார் மடியில் இருந்த என் மகளிடம் சொன்னார்: "உங்கப்பன் போட்ட புல்லு இந்த வருசம் சோக்கா கீதுன்னு சொல்லுமா." நான்கு வருஷத்தில் அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு. அதுவும் குழந்தை வழியாக, புல்லுக்காக. சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், இந்த வருஷம் பீர் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அந்த மடித்த பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"டின்னுல வாங்கி காச்சேன்யா."

"அது மாவு வாங்கி இட்லி ஊத்தற மாரி. ருசியே இருக்காது."

"ஓஹோ. இன்னிக்குக் காலைல எத்தினி இட்லி துன்ன?"

"ஏழு."

"எப்டி இருந்துச்சி?"

"பூ மாரி இருந்துச்சி. உன் கை மாவு இல்ல அது?"

"ஆவணி மாசத்துலேர்ந்து முக்குக் கட மாவுய்யா அது. கிரைண்டரு ரிப்பேராகி நாலு மாசம் ஆவுது. நீ இன்னும் அத்தத் திரும்பிக்கூடப் பாக்கல."

நான் போய்க் கிரைண்டரைப் பார்த்தேன். அதன்மேல் குழந்தையின் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. நான்கு மாதமாக ஒவ்வொரு காலையும், "கடை மாவுல இந்த ருசி வருமா" என்று நான் பேசிய பேச்செல்லாம் காதில் வந்து மோதியது. அன்றோடு நான் டின்காரன் ஆனேன்.

வண்ணாரப்பேட்டையில் பேக்கரி சாமான் விற்கும் ஒரு பாய் கடையில் மால்ட் டின் கிடைத்தது. பன்னுக்கு நிறம் வர அதைப் போடுவார்களாம். தேன் பதத்தில், தேனைவிடக் கறுப்பாக இருந்தது. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இன்னா போடப் போற நைனா, பன்னா பிஸ்கோத்தா?" என்று கேட்டார். ஐந்து வேளை தொழுகிற மனுஷர். நெற்றியில் தழும்பு. அவரிடம் பீர் என்று சொல்ல வாய் வரவில்லை. "பன்னு" என்றேன். உடனே அவர் பன் எப்படி உப்ப வேண்டும், மாவை எவ்வளவு நேரம் மூடிவைக்க வேண்டும் என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தார். "நல்லா வந்தா எனுக்கு ரெண்டு எடுத்தாந்து குடு" என்றார். அந்தத் தெருப் பக்கமே நான் மூன்று மாதம் போகவில்லை.

சமையலறையை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் ஒதுக்கிக் கொடுத்தாள் மனைவி. பிரியாணி அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து மால்டை அப்படியே கொட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கரைக்க வேண்டும் என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. அடுத்த வரியை நான் அப்புறம்தான் படித்தேன். அடியில் கொஞ்சம் பிடித்துத் தீய்ந்தது. சுரண்டக் கரண்டி தேடித் திரும்பிய நேரத்தில் அண்டா பொங்கியது. பால் பொங்குவது போல என்று சொன்னால் பாலுக்கு அவமானம். பழுப்பு நுரை அடுப்பு, மேடை, தரை எல்லாம் ஓடி, இறுகிப் பாகாகி, என் செருப்பில்லாத காலோடு ஒட்டிக்கொண்டது. என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். துடைப்புத் துணியை எறிந்தாள், நேராக என் முகத்தில், நல்ல குறி.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பார்லியில் இரண்டு நாள் ஆகிற வேலை ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, தொட்டித் தண்ணீரில் வைத்து ஆற்றி, குடிதண்ணீர்க் கேனில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடினேன். மூடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் சொருகி, அதன் மறுமுனை ஒரு டம்ளர் தண்ணீரில். மறுநாள் காலையிலிருந்து டம்ளரில் குபுக், குபுக் என்று குமிழ் விட்டது. என் மகள் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குமிழுக்கும் கை தட்டினாள். மழைக் குளிரில் சமையலறை இருபத்தைந்து டிகிரிதான் இருந்தது. தின்னர் வாசம் இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டு வருஷம் மொட்டை மாடியில் நின்று நான் காட்டிய வீரமெல்லாம் எதற்கு என்று ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருந்தது.

பத்து நாளில் குமிழ் நின்றது. பாட்டில்களில் அடைக்கும்போது பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட வேண்டும். அது உள்ளே இன்னொரு தடவை புளித்துத்தான் நுரை வரும். நான் இதை அடுத்த அறையில் இருந்த மனைவிக்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டே பன்னிரண்டு பாட்டிலிலும் சர்க்கரை போட்டேன். போட்டு முடிப்பதற்கும் ஷிப்ட் பஸ் ஹார்ன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. "வந்து பீர ஊத்தி மூடி போட்டுக்கறேன்" என்று ஓடினேன். நான் திரும்பி வருவதற்குள் அவள் எல்லாவற்றையும் ஊற்றி, மூடியும் போட்டு, துடைத்து அடுக்கி வைத்திருந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட பெண் என்று நினைத்தேன். நான் விளக்கம் சொன்னதை மட்டும் கேட்டு, போட்டதைப் பார்க்காததால், அவளும் பொறுப்பாகப் பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டிருக்கிறாள் என்பது கிறிஸ்துமஸுக்கு அப்புறம்தான் பேச்சுவாக்கில் வெளியே வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று பதினொரு மணிக்கு நல்லதாக ஆறு பாட்டில் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கிளம்பினோம். திருவொற்றியூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றிருந்தன. ஆட்டோக்காரர் சாலையை விட்டுவிட்டுப் பள்ளங்களில் மட்டும் ஓட்டினார். பையை மடியில் வைத்துக் குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்திருந்தேன். குழந்தையை அவள் பார்த்துக்கொண்டாள். இது பிடிக்காவிட்டால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, சாகும்வரை சுவர் வழியாகத்தான் பேச்சு என்று நினைத்துப் பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். நான்கு வருஷம் ஒரு மனுஷர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவர் குரல் நம் பக்கம் திரும்பாமல் எழுந்து வருவது லேசான காரியமில்லை.

மாமனார் புது வெள்ளைச் சட்டையில் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அத்தையின் ஒயின் நடுவில். பிரியாணி வந்துவிட்டது. நான் ஒரு பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மனைவி சொன்னாள்: "நைனா, இது அவரு காச்சினது. உனுக்காக." அவர் பாட்டிலைப் பார்த்தார். குழந்தையைத் தேடினார், ஏதோ சொல்லி அனுப்ப. குழந்தை மனைவியின் இடுப்பில் இருந்தது. அந்த இடைவெளியில், அவர் மனசு மாறுவதற்குள் என்று நான் அவசரமாக ஓப்பனரை வைத்து நெம்பினேன்.

மூடி போய் ஃபேனில் பட்டு எங்கோ விழுந்தது. அதன் பின்னால் பீர் புறப்பட்டது. முகம், மீசை, புதுச் சட்டை, பிரியாணி. பாட்டிலை வேறு பக்கம் திருப்பத் தோன்றாமல் நான் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். குமிழ் என்று நினைத்து என் மகள் கை தட்டினாள்.

"டேய்!"

அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது உனுக்கு? தொறக்கத் தெரியாதவன் இன்னாத்துக்குடா காச்சிகினு கீற? புதுச் சட்டடா இது!"

திட்டு. எனக்கே எனக்கான திட்டு, நடுவில் ஆளே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"இளிக்கிறியா? நாலு வருசமா இளிச்சிகினுதான கீற. வர, துன்ற, இளிக்கிற, போற. ஒரு நாளு எம்மூஞ்சப் பாத்து மாமான்னு ஒரு வார்த்த பேசினியாடா நீ? கட்டிக்கறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டியா? சாமி வேறன்னு நான் சொன்னனா? எவன் சொன்னான் உனுக்கு? ரோட்ல போறவங்கிட்ட அட்ரஸ் கேப்ப, எங்கிட்ட வந்து பொண்ணு கேக்க வாய் இல்ல. நான் இன்னா கடிச்சா துன்னுடப் போறேன்?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. நான் மனைவியிடம் சொல்லியனுப்பியதை எல்லாம் யோசித்துப் பார்த்தேன். "மாமாவுக்கு டீ வேணுமான்னு கேளு", "மாமாகிட்ட சொல்லிடு, கெளம்பறோம்." நான்கு வருஷமும் நானும் ஒரு தடவைகூட அவரிடம் நேராகப் பேசியதில்லை. அவர் பேசாததை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் அத்தனை நாளும் நான் வந்து கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

"தப்புதான் மாமா" என்றேன். "கேட்டிருக்கணும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மீசையைத் துடைப்பதற்கு முன்னால் நாக்கு ஒரு தடவை வெளியே வந்து போனதை நான் பார்த்தேன்.

"சரி, இப்பக் கேளு."

"இன்னா மாமா?"

"இப்பக் கேளுன்றேன்."

மனைவியைப் பார்த்தேன். இடுப்பில் எங்கள் இரண்டு வயது மகளோடு அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பெண் பார்க்க வந்த அன்று நிற்பது மாதிரி. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நேராக நின்று, கையைக் கட்டிக்கொண்டேன்.

"மாமா, உங்க பொண்ண எனுக்குக் கட்டிக் குடுங்க மாமா."

அவர் என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். பாட்டிலில் மிச்சம் இருந்ததைத் தன் கிளாஸில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய். கிளாஸைத் தள்ளவில்லை.

"அடுத்த பாட்டில ஒயுங்கா தொற" என்றார். "யோசிச்சிச் சொல்றேன்."